கொதிக்கக் கொதிக்க ஒரு பிராந்தி

குடிப்பவர்களுக்கு வெட்கம் கிடையாது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது பெரும் பிழை. இனியும் பொறுத்துக்கொள்ளக் கூடியதல்ல. வெட்கம் உண்டு. மதுக்கடை வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊரறிய நிற்கும் அதே மனிதர், குடியை விடுவதற்கான கூட்டத்தின் வாசலில் முகத்தை மறைத்துக்கொள்வார்.

குமாரபாளையத்தில் தறிப்பட்டறை நடத்தும் ஈஸ்வர் அப்படித்தான் மறைத்துக்கொண்டான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அந்தத் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தான். வண்டியின் பின்னால் மாமனார் குமாரசாமி உட்கார்ந்திருந்தார்.

கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்ட கயல்விழி, புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள். "வாராவாரம் அந்தக் கூட்டத்துக்குப் போங்க. போனீங்கன்னா நான் வாரேன். இல்லீன்னா இங்கியே இருந்துக்கறேன்."

"ஏனுங்க மாப்பிள்ளை, போன்ல எடம் காட்டுதுன்னீங்களே?"

"காட்டுதுங்க மாமா. போர்டைத்தான் காணோம்."

குமாரசாமி இறங்கிப்போய் டீக்கடைக்காரரிடம் காதோடு விசாரித்தார். அவர் தெரு முழுவதற்குமாகப் பதில் சொன்னார்.

"குடிய நிறுத்தற கூட்டமுங்களா? ஜெராக்ஸ் கடை மாடி! செருப்பு நெறையக் கெடக்கும் பாருங்க!"

"ஊட்டுக்குப் போயிரலாங்க மாமா" என்றான் ஈஸ்வர், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"வந்தாச்சில்லீங்க, ஏறுங்க."

"ஒத்தையில ஏற மாட்டேன். நீங்களும் வாங்க."

மாடியில் நாச்சிமுத்து வரவேற்றார். லாரி ஓட்டியவர், குடியை விட்டு வெகு காலமாகிறது. கூட்டத்தை நடத்துபவர் அவர்தான்.

"வாங்க, வாங்க. ரெண்டு பேருமேங்களா? இங்க குடிக்கறவங்க மட்டுந்தான் உக்காரலாமுங்க. தொணைக்கு வந்தவங்க கீழ இருக்கோணும்."

நல்ல சாக்குக் கிடைத்த மகிழ்ச்சியில் ஈஸ்வர் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான்.

"நானும் குடிகாரன்தானுங்க" என்றார் குமாரசாமி.

ஈஸ்வர் அப்படியே நின்றுவிட்டான். மோர் சற்றுப் புளித்தால்கூட டம்ளரைத் தள்ளி வைத்துவிடும் மனிதர் அவர்.

வட்டமாக நாற்காலிகள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். குமாரசாமியின் முறை வந்தது. எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எம் பேரு குமாரசாமிங்க. ரொம்ப வருஷமாக் குடிக்கறேன்."

"என்ன சாப்பிடுவீங்க?" என்றார் நாச்சிமுத்து.

"பிராந்திங்க. கொதிக்கக் கொதிக்க. ஆறிப்போச்சுன்னா எனக்குப் பிடிக்காதுங்க."

இரண்டு பேர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"பாதி டம்ளர்லயே போதும்னு தோணிரும். மிச்சத்த மூடி வெச்சுட்டு, காலைல எந்திரிச்சு…"

"மிச்சமா?" என்றார் மூலையிலிருந்த ஒருவர், தம்மையும் மீறி.

அங்கிருந்தவர்களின் அனுபவத்தை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு பல்கலைக்கழகமே நடத்தலாம். அவர்களில் ஒருவர்கூட மிச்சம் என்ற பொருளைக் கண்ணால் கண்டதில்லை.

ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் கூரையிலிருந்த மின்விசிறியை ஆராய்ந்தார். யாரும் சிரிக்கவில்லை.

நாச்சிமுத்து மட்டும் டாக்டரைப் போல முகத்தை வைத்துக்கொண்டார். "முத்துன கேஸுங்க. இவர ஒத்தையில உடக் கூடாது. தம்பி, நீங்கதான் வாராவாரம் கூட்டியாரோணும். செய்வீங்களா?"

வாயே திறப்பதில்லை என்ற முடிவோடு வந்திருந்தவன் ஈஸ்வர். மாமனாரைப் பார்த்தான். அவர் தாம் சரியாகத்தான் பேசினோமா என்ற கவலையில் இருந்தார். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"கூட்டியாறேனுங்க." உட்காரப் போனவன் மறுபடி நிமிர்ந்தான். "எம் பேரு ஈஸ்வர்ங்க. நான்… மிச்சம் வெக்கறதில்லீங்க."

படியிறங்கும்போது குமாரசாமி மெதுவாகக் கேட்டார். "மாப்பிள்ளை, நான் பேசுனத நம்பிட்டாங்களா?"

"நல்லா நம்பிட்டாங்க மாமா."

ஈஸ்வர் குடிக்காமல் இருந்தான். ஆடி முடிந்ததும் கயல்விழி பையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். மாமனாரும் மருமகனும் வாராவாரம் மாடியேறுவதை டீக்கடை பார்த்தது. டீக்கடை பார்த்ததை ஊரும் பார்த்தது.

அம்மன் கோயில் நோம்பித் திருவிழா வந்தது. காவிரியிலிருந்து தீர்த்தம் எடுத்து வரும்போது முதல் குடம் வழக்கமாகக் குமாரசாமி தலையில்தான் இருக்கும். இந்த முறை ஊர்க் கூட்டத்தில் கமிட்டிக்காரர் சின்னண்ணன் எழுந்தார். எழுந்தவர், விழுந்துவிடாமல் பக்கத்திலிருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மாடியேறுற ஆளுக்கு… சாமி குடத்தக் குடுக்கறதுங்களா? நமக்குன்னு ஒரு… ஒரு சுத்தம் வேணாமுங்களா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஈஸ்வர் கொதித்துப்போய் எழப் பார்த்தான். குமாரசாமி அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"சும்மா இருங்க மாப்பிள்ளை. நான் குடிக்கறதில்லேன்னு தெரிஞ்சா, அப்பறம் என்னைய மாடிக்கு உட மாட்டாங்க."

அந்த வருடம் முதல் குடத்தைச் சின்னண்ணன் சுமந்து வந்தார். இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.