நிறம் மாறிய ஹைட்ரேஞ்சியா

பிரான்சின் பிரிட்டனிக் கடலோரத்து மீனவ ஊர் ஒன்றின் பூப்போட்டியில் ஆண்டுதோறும் பரிசு வாங்குவது நோல்வென்னின் நீல ஹைட்ரேஞ்சியாப் பூக்கள்தான்.

போன கோடையில், அடுத்த வீட்டு எனோரா, இறந்துபோன தன் கணவர் மலோவின் சவப்பெட்டியில் வைக்க நாலு பூக் கேட்டாள்.

“நாளைக்குப் போட்டியாச்சே!” என்று கதவைச் சாத்தினாள் நோல்வென்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நோல்வென் கோயிலுக்குப் போனதும், எனோரா பூசையைக்கூட விட்டுவிட்டு அந்தச் செடியின் வேரில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றினாள். சுண்ணாம்பு பட்டால் நீலம் போய்விடும்.

இந்தக் கோடையில் செடி முழுக்க இளஞ்சிவப்பு! போட்டியன்று காலையிலேயே எனோரா வேலியோரம் வந்து நின்றாள்.

“என்னடி, உன் நீலம் எங்க போச்சு? ஊரே சிரிக்கப் போகுது!”

நோல்வென் எல்லாப் பூக்களையும் வெட்டிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நான்தான் மாத்தினேன், எனோரா. உன் மலோ படகுக்கே ரோஸ் பெயிண்ட் அடிச்சவராச்சே! அன்னைக்குப் பூ தராதது வருஷம் பூரா உறுத்திச்சு. அதான் மாசம் ஒரு கரண்டி சுண்ணாம்பு வச்சேன். எல்லாம் அவர் கல்லறைக்குத்தான்.”

நோல்வென் கூடையை வேலிக்கு மேலே நீட்டினாள்.

“ஒரு கரண்டிக்கு இவ்வளவு ரோஸா? சாமியே கூட நின்னு ஊத்தியிருக்கு! இந்தா, பிடி.”

சுண்ணாம்பில் வெந்த விரல்களைக் காட்டாமல் அந்தக் கூடையை எப்படி வாங்குவதென்று எனோராவுக்குத் தெரியவில்லை.