மச்சான் செய்த சோபா

"இறங்காதே! மெயின் ஸ்விட்சை அணைச்சிட்டேன். ஆனாலும் வெறுங்கால்ல இறங்காதே!"

கம்பவுண்டர் போட்ட சத்தத்தில் மனைவி சமையலறைப் படியிலேயே நின்றாள். குளியலறைச் சல்லடை வழியே பொங்கிய சாக்கடைத் தண்ணீர், ஹாலில் கணுக்கால் அளவு நின்றது. நட்டநடுவில், தரைதட்டிய கப்பலாக அந்தச் சோபா.

அவளுடைய அண்ணன் தச்சுவேலை கற்றுக்கொண்ட ஜோரில் தன் கையாலேயே செய்து கொடுத்தது. உட்கார்ந்தால் ஸ்பிரிங் குத்தும். எழுந்தால் உறையும் கூடவே எழுந்து வரும். "எங்கண்ணன் செஞ்சது!" என்று அவள் வந்தவர்களிடமெல்லாம் பூரிக்க, கம்பவுண்டர் சிரித்துச் சிரித்தே தாடை வலிக்கக் காலத்தை ஓட்டினார். இன்று அவருடைய விடுதலை கண்ணெதிரே ஊறிக்கொண்டிருந்தது.

"கையுறை, பூட்ஸெல்லாம் வாங்கிட்டு வந்துடறேன்."

"எதுக்குங்க? இந்தாங்க." ஆளுக்கொரு ஜோடி பூட்ஸ், கையுறை, முகக்கவசம், ப்ளீச்சிங் பவுடர். "போன வாரம் சும்மா வாங்கி வெச்சேன். பாப்பாவையும் காலையிலேயே அக்கா வீட்டுல விட்டது நல்லதாப் போச்சு."

என்ன முன்யோசனை! கம்பவுண்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

வாசலில் அடைப்பு எடுப்பவர் மூடி திறந்த சாக்கடைச் சேம்பருக்குள் நீளக் கம்பியை விட்டுக் குத்த, தண்ணீர் களகளவென்று இறங்கியது. "உள்ள இன்னும் என்னமோ சிக்கியிருக்கு சார்!" என்று அவர் குனிந்தார்.

இவர்கள் ஜன்னல்களைத் திறந்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்கள்.

"முதல்ல சோப்புத் தண்ணி. அப்புறம்தான் ப்ளீச்சிங். அதோட ஆசிட்டைக் கலந்துடாதே, புகையிலேயே விழுந்துடுவோம்."

"சரிங்க. அப்போ... அண்ணன் சோபா?" அவள் குரல் தழுதழுத்தது.

கம்பவுண்டர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "ஸ்பாஞ்சுக்குள்ள போன கிருமி போகவே போகாதும்மா. தூக்கிப் போடத்தான் வேணும்."

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

அவள் ஸ்பீக்கரில் போட்டாள். போனில் மச்சான் முழங்கினார். "வெயில்ல போடு, சரியாயிடும்! இல்லேன்னா நானே வந்து ஸ்பாஞ்சை மாத்தித் தரேன்!"

"பாப்பா தவழற வீடு, மச்சான்!"

"அவர் சொல்றது சரிதாண்ணா," என்று அவள் விசும்பினாள். "பலகையே ஊதிப் போச்சு."

"ஐயோ... சரி, போடுங்க."

அடுத்த நொடி சோபாவின் ஒரு முனை அந்தரத்தில் எழுந்தது. தூக்கியவள் அவள்.

"என் மனசு மாறறதுக்குள்ள பிடிங்க!"

இருவரும் ஒரே மூச்சில் தெருவுக்கு இழுத்து, குப்பை வண்டியில் ஏற்றினார்கள். கம்பவுண்டரின் வாய் காதுவரை போனதை முகக்கவசம் மறைத்தது.

"சார்! மாட்டிக்கிச்சு!"

கம்பி முனையில் சொட்டச் சொட்ட ஒரு துணி. "சோபா குஷன் உறை மாதிரி இல்ல?" என்று தூக்கிக் காட்டினார் அடைப்பு எடுப்பவர்.

கம்பவுண்டருக்குக் குப்பென்று வியர்த்தது. நேற்று அவரே சேம்பர் மூடியைத் தூக்கித் திணித்த உறை.

"பாப்பா... விளையாட்டாப் போட்டிருக்கும்."

"தவழற பாப்பா, இந்த மூடியத் தூக்கியா?" என்ற அடைப்பு எடுப்பவர் மறுபடி குனிந்தார். "இருங்க சார், அதே மாதிரி இன்னொண்ணும் வருது!"

இன்னொன்றா? கம்பவுண்டர் திணித்தது ஒன்றைத்தானே!

மெல்லத் திரும்பிப் பார்த்தார். வாசலில் மனைவி, ஒரு சொட்டுத் தண்ணீரும் படாத சுவரை மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.