இரண்டாவது நாற்காலி

"கீய்ய்ங்!"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே அரங்கில் கேட்ட சத்தம். அக்காவின் காதைவிட்டு அது இன்னும் இறங்கவில்லை.

பெரிய திரையில் டிராகன் படம். அதன் இசையைத் திரைக்குக் கீழே ஒரு வாத்தியக்குழு நேரடியாக வாசித்தது. சிறகொடிந்த டிராகன் மறுபடி வானில் எழும் இடத்தில் எல்லா வாத்தியமும் அடங்கி, டிரம்பெட் மட்டும் தனியாக உச்சிக்கு ஏற வேண்டும்.

முதல் நாற்காலியில், அதாவது தலைமை டிரம்பெட் இடத்தில், இருந்த தங்கை ஊதினாள். பிசிறிவிட்டது. படம் யாருக்காக நிற்கும்? டிராகன் தன்பாட்டுக்குப் பறந்துவிட்டது. அரங்கமே சிரித்தது.

இன்று அதே படம், அதே தங்கை.

"இன்னைக்கும் பிசிறினா முதல் நாற்காலி போச்சாம். அந்தக் குச்சி ஆட்டுற பெரியவர் கறாரா சொல்லிட்டாராம்," என்று முணுமுணுத்தாள் அக்கா.

"நீ பேசாம படத்தைப் பாரேன்," என்றார் அவள் கணவர்.

"படத்தை யார் பார்த்தா! அந்த நெட்டையனைப் பாருங்க."

நெட்டையன் தங்கைக்குப் பக்கத்து நாற்காலி. இரண்டாவது டிரம்பெட். இவள் சறுக்கினால் அந்த இடம் அவனுக்குத்தான்.

டிராகன் பள்ளத்தில் கிடந்தது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. தங்கையைத் தவிர எல்லோரும் வாத்தியத்தை இறக்கி வைத்துவிட்டார்கள். நெட்டையன் மட்டும் டிரம்பெட்டை உதட்டுக்குக் கொண்டுபோனான்.

"பார்த்தீங்களா? இங்க அவனுக்கு ஊத ஒண்ணுமே கிடையாது. கொக்கு மாதிரி காத்துக்கிட்டு இருக்கான், பாவி!"

முன்வரிசைக்காரர் திரும்பி, "உஸ்ஸ்!" என்றார்.

தங்கை மூச்சை இழுத்தாள். பக்கத்தில் நெட்டையனும் இழுத்தான். அக்கா தன் கணவரின் மணிக்கட்டைப் பற்றினாள்.

முதலில் நூலிழையாக ஓர் ஒலி. பிறகு அது வெளிச்சமாயிற்று. ஏறியது, இன்னும் ஏறியது, உச்சியில் நடுங்காமல் நின்றது. மேகத்தைக் கிழித்துக்கொண்டு டிராகன் போனபோது, அதைத் தூக்கிக்கொண்டு போனதே அந்த ஒலிதான் என்று தோன்றியது.

நெட்டையன் டிரம்பெட்டை மடியில் இறக்கினான்.

"கையை விடும்மா, எலும்பு நொறுங்குது," என்றார் கணவர்.

படம் முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்றது. கைதட்டல் ஓயவேயில்லை.

மேடைக்குப் பின்னால், டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த நெட்டையனிடம் அக்கா நேராகப் போனாள்.

"என்ன தம்பி, ஏமாந்துட்டீங்க போல?"

அவன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். "ஆமாங்க்கா. இழுத்த மூச்சு வீணாப்போச்சு." பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

"கொழுப்பைப் பார்த்தியாடி!" என்று தங்கையிடம் பொரிந்தாள் அக்கா.

தங்கையின் கண் நிறைந்துவிட்டது.

"அக்கா, காலையில பயத்துல ஊதவே முடியல எனக்கு. அவன்தான் வந்து சொன்னான்: 'நீ தைரியமா ஏறு. பிசிறுச்சுன்னா அந்த நொடியே நான் அதைவிடக் கேவலமா, சத்தமா ஊதிடறேன். சிரிக்கிறவங்க என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.'"

"ஐயோ, அவன் வேலை போயிருக்குமேடி!"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'நீ பிசிறாட்டி போகாதுல்ல?'ன்னான்."

முதல் நாற்காலி தங்கைக்கே நிரந்தரமாயிற்று. நெட்டையன் இன்றும் இரண்டாவதில்தான் இருக்கிறான்.