சபையில் சொன்ன பதில்

“ரேடியோவில கேட்டீங்களா டாக்டரய்யா?” என்று கத்திக்கொண்டே தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான் சவரிமுத்து.

அங்கே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் நஸீர் தலையை நிமிர்த்தவில்லை.

“நம்ம மடுல்சீமைப் பக்கம் வாந்திபேதியில யாருமே சாகலையாம். எம்பி கேட்ட கேள்விக்கு மந்திரி பாராளுமன்றத்துல பதில் சொல்லியிருக்காரு. அதனால இங்க தடுப்பூசி தேவையில்லையாம்.”

“கேட்டேன்.”

“எங்க லயத்து வீடுகள்ல மட்டும் நாலு பேரு போயிட்டாங்க. எம் பொஞ்சாதி றோசாலி உங்க வார்டுலதான் செத்தா. பொதைச்சு ஒரு கெழமகூட ஆகல. எவன்யா இந்தப் பொய்ய எழுதி அனுப்புனது?”

நஸீர் மரணப் பதிவேட்டைத் திறந்து அவன் பக்கம் திருப்பினார். நான்கு பெயர்களுக்கும் நேரே ‘நெஞ்சுவலி’ என்றிருந்தது.

“நான்தான்.”

“ஏன்யா?”

“‘வாந்திபேதின்னு எழுதினா சவப்பொட்டிய ஆணியடிச்சு மூடிருவாங்க, எம் பொஞ்சாதி மொகத்தப் பாக்கணும்’னு என் காலப் புடிச்சது யாரு, சவரிமுத்து? மத்த மூணு வீட்டுக்காரங்களும் அப்படித்தான் அழுதாங்க.”

சவரிமுத்து பதிவேட்டை நஸீர் பக்கமே திருப்பி வைத்தான்.

“இன்னொரு பேரு எழுதணும்யா. விடியக்காலம் லயத்துலயே எம் மகளும் போயிட்டா. இந்தத் தடவ நெசத்தையே எழுதுங்க. மத்த புள்ளைகளுக்காவது ஊசி வரட்டும்.”

நஸீரின் பேனா தயங்கியது. “அப்புறம் மொகம் பாக்க விடமாட்டாங்களேப்பா.”

“நல்லாப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்.”