ஏழு தளபதிகளின் உடல்வாகு

சன்னல் வெயில் சுவரகல ஓவியத்தின் மேல் சாய்ந்து விழுகிறது. போரில் கடற்படையை நடத்திய ஏழு தளபதிகள் வெள்ளை உடுப்பில், வரைபட மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். அவர்களில் மூத்தவர் இன்று மனைவியோடு ஓவியக்காரியின் வீட்டுக்கே நேரில் வந்திருக்கிறார். அவர் தலையசைத்தால்தான் படம் நினைவு மண்டபத்துக்குப் போகும். ஓவியக்காரி துடைத்த தூரிகையையே திரும்பத் துடைக்கிறாள். ஏழு பேருக்கும் முகம் காட்டிப் போக மட்டுமே நேரமிருந்தது. கழுத்துக்குக் கீழே உடுப்பை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நின்றது அவள் கணவன். எதிரில் நிற்பதை அப்படியே வரைகிற கை அவளுடையது. “ஏங்க, இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டும் நீங்க ஈர்க்குச்சி மாதிரிதானே இருக்கீங்க?” மூத்தவரின் மனைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறாள். “இந்தத் தொப்பை எங்கேர்ந்து வந்துச்சு? அட, ஏழு பேருக்கும் ஒரே தொப்பை!” அந்த நேரம் பார்த்துக் கணவன் தேநீர்த் தட்டோடு உள்ளே வருகிறான், அவனுக்கு முன்னால் அவன் தொப்பை வருகிறது. மூத்தவர் படத்தைப் பார்க்கிறார், அவனைப் பார்க்கிறார், மறுபடி படத்தைப் பார்க்கிறார். பிறகு குதிகால் ஒட்ட நிமிர்ந்து அவனுக்கு ஒரு சல்யூட் வைக்கிறார். “ஏழு பேர் பாரத்தையும் ஒத்தை ஆளா தாங்கியிருக்கீங்க, தம்பி. இதுல கையே வைக்காதீங்கம்மா, அப்படியே அனுப்புங்க.” இரண்டு கையிலும் தட்டோடு நிற்கும் கணவன், பதில் சல்யூட் வைக்க வழியில்லாமல், கோப்பைகள் கிணுகிணுக்க வயிற்றை எக்கிக்கொள்கிறான். படத்திலிருக்கும் ஏழு தொப்பையும் அசையவில்லை.