ஏழாயிரக்காரி

வலது தோள்பட்டையில் யாரோ ஆணி அடித்து வைத்தது போல வலித்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் இடது கையால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள் எக்ஸ்பிரஸ். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் அந்தக் கூடத்தில், அவள் கைவேகத்துக்கு விழுந்த பெயர் அது.

"ஒரு ஆஸ்பத்திரி ஆர்டர் கைவிட்டுப் போச்சாம். நம்ம ஆறு பேர்ல ஒருத்தி இன்னியோட நின்னுக்கணுமாம்" என்றாள் குண்டூசி. பேச்செல்லாம் குத்தல் என்பதால் அவள் குண்டூசி. "சூப்பர்வைசர் காலையிலேருந்து கண்ணாலயே அளந்துக்கிட்டு நிக்கிறாரு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன.

பத்து விரிப்பைத் தேய்த்து மடித்தால் ஒரு கட்டு. அதைத் தனக்கென்று கொடுத்த நூலால் கட்டித் தள்ளுவண்டியில் போட வேண்டும். எக்ஸ்பிரஸுக்கு மஞ்சள் நூல். அதே மேஜையில் எதிர்ப்பக்கம் நிற்கும் ஆமைக்குப் பச்சை. சாயங்காலம் கேஷியர் நூலை எண்ணி எழுதுவார். கட்டுக்குத்தான் கூலி.

யாருக்கு எவ்வளவு என்று அடுத்தவளுக்குத் தெரியாது. சம்பளத்தைப் பேசினால் சண்டை வரும், பேசவே கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம்.

"அவர் இஷ்டத்துக்கு விட்டா காலைப் பிடிக்கிறவ தப்பிச்சுக்குவா" என்றாள் எக்ஸ்பிரஸ். "நாமளே முடிவு பண்ணுவோம். யார் யார் என்ன வாங்குறோம்னு வாயை விட்டுச் சொல்லிடுவோம். எல்லாரையும் விடக் கம்மியா வாங்குறவ நின்னுக்கட்டும். அதுதான் நியாயம்."

"கட்டின புருஷன்கிட்டயே நான் சரியாச் சொன்னதில்லடி" என்றாள் ஒருத்தி. இருந்தாலும் சொன்னாள். "ஒன்பதாயிரத்து எண்ணூறு. வீட்டுல எட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன். எவளாவது வாயை விட்டீங்க, தொலைச்சுடுவேன்."

சிரிப்பு வந்தது. சிரிப்போடு சிரிப்பாக மற்றவர்களும் சொன்னார்கள். பத்து. பத்தேகால். குண்டூசி பத்தரை.

"பன்னெண்டாயிரம்" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"தோள் இறங்கியும் ஒரு காசு குறையலையே. நீ மனுஷியா மிஷினா?"

எக்ஸ்பிரஸுக்கு மனசு குளிர்ந்தது. போன வருஷம் ஈரக் கட்டைத் தூக்கும்போது தோள் இறங்கி, நாலாம் நாளே வேலைக்கு வந்து நின்றவள் அவள். புருஷன் விட்டுப் போன வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளின் படிப்பு அந்தக் கையில்தான் தொங்கியது.

எல்லோரும் ஆமையைப் பார்த்தார்கள். அவள் டப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஏழாயிரம்."

"ஏழா?" குண்டூசிக்கே குரல் இறங்கிவிட்டது. "முன்னெல்லாம் நல்லாத்தானேடி ஓடிக்கிட்டிருந்த? இந்த ஒரு வருஷமா என்ன வந்துச்சு உனக்கு?"

ஆமை என்ற பெயரே இந்த ஒரு வருஷத்தில் வந்ததுதான். கை ஓய்ந்து அவள் நின்றதை எக்ஸ்பிரஸ் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் ஆமையின் கணக்கு ஏறவில்லை. சில பேர் கைராசி அப்படி என்று நினைத்துக்கொள்வாள்.

"நான் சொல்லலைம்மா, கணக்கு சொல்லுது" என்றாள் எக்ஸ்பிரஸ். "நீ ஒண்டிக்கட்டை. எங்க போனாலும் பிழைச்சுக்குவ. எனக்கு அப்படியா?"

ஆமை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு டப்பாவை மூடினாள்.

"சரிக்கா."

சாப்பிட்டது பாதிதான். கையைக் கழுவிக்கொண்டு வந்து எக்ஸ்பிரஸின் அருகில் ஒரு நிமிஷம் நின்றாள். "தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் விட்டுடாதக்கா. இனிமே கனமானதை இடது கையால தூக்கு."

பெரிய கரிசனம் என்று நினைத்தாள் எக்ஸ்பிரஸ். அவள் போவதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த மாதச் சம்பள நாளில், கேஷியர் ஜன்னல் வரிசையில் முன்னால் நின்ற குண்டூசி சொன்னாள்: "ஆமை ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாளாம். எங்க போனான்னு ரூம் ஓனருக்கே தெரியலையாம்."

"பாவம்" என்றாள் எக்ஸ்பிரஸ். அதற்குள் அவள் முறை வந்தது.

கேஷியர் எண்ணிக் கொடுத்தார். அவள் ஒருமுறை எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள்.

"ஒன்பதுதான் இருக்கு. மூவாயிரம் குறையுது சார்."

"நூல் குறைஞ்சா பணம் குறையும். ரெண்டு தடவை எண்ணித்தான் எழுதினேன்."

"நான் எப்பவும் போலத்தானே சார் செஞ்சேன்? ஒரு நாள்கூட லீவு போடல."

கேஷியர் சலித்துக்கொண்டு பேரேட்டை அவள் பக்கம் திருப்பினார். "நீயே பாரு. மாசம் தவறாம மஞ்சளுக்குப் பன்னெண்டு. இந்த மாசம்தான் ஒன்பது. சூப்பர்வைசர் கண்ணுல பட்டுடாத. இப்ப இருக்கிறதுல நீதான் கடைசி."

அவள் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. வேலையை விட்டவள் என்று சிவப்பு மையால் அடித்த பச்சை நூல்காரியின் வரி.

இவளுக்குத் தோள் இறங்கிய மாதம் வரை அங்கே பத்தாயிரம் இருந்தது. அதற்கடுத்த மாதம் ஏழு. அப்புறமும் ஏழு. பதினோரு மாதமும் ஏழு.

ஒரே மேஜை. ஒரே தள்ளுவண்டி. மஞ்சள் நூற்கண்டு இரண்டு பேருக்கும் நடுவில்தான் கிடந்தது.

எக்ஸ்பிரஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடும்மா, பின்னால ஆள் நிக்குது. என்ன, முதலாளி உனக்கு ஏதாவது பாக்கின்னு சொல்ல வர்றியா?"

"இல்ல சார். பாக்கி என்னோடது. ஆமைக்கு நான் முப்பத்து மூவாயிரம் தரணும்."