பெயர் மாற்றம்

இறந்துபோன மகன் நவநீதனின் பைக்கையும் சிம் கார்டையும் தன் பெயருக்கு மாற்றிய பிறகு, அவன் கணினியில் வாங்கிச் சேர்த்திருந்த விளையாட்டுகளுக்கும் பெயர் மாற்றிவிடலாம் என்று பேச்சிமுத்து அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தார். "பேர் மாத்த முடியாது சார்," என்றாள் எதிர்முனையில் ஒரு பெண். "வாங்கினவர் உயிரோட இருக்கிற வரைக்கும்தான் கணக்கு. அவர் இறந்துட்டார்னு நீங்க சொன்னா நான் மூடியாகணும். இன்னும் நீங்க சொல்லலை. யோசிச்சுச் சொல்லுங்க."

பேச்சிமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தார். நவநீதன் கடைசியாக விட்டுப்போன இடத்தில், அவன் ஆடிவந்த விளையாட்டின் வீரன் கணினித் திரையில் ஒரு பாலத்தின் நடுவே நின்றிருந்தான். யாரும் எதையும் அழுத்தாவிட்டால் கால் மாற்றி நிற்பான், கொட்டாவி விடுவான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து அவர் மனைவி கோமதி அந்தத் திரைக்கு முன்னால்தான் விளக்கேற்றுகிறாள்.

"மெதுவாப் பேசுங்க. பிள்ளைக்கு உறக்கம் வருது," என்றாள் கோமதி. விளக்கேற்றுகிறவளும் அவள்தான், இப்படிச் சொல்கிறவளும் அவள்தான்.

"சார், அவர் இருக்காரா இல்லையா?"

"இருக்கான்னுதான் அவன் அம்மை சொல்லுதா."

"அப்போ போனை அவர்கிட்டயே குடுங்க சார்."

மறுப்பதற்கு அவருக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. எழுந்துபோய், போனைத் திரையில் அந்த வீரனின் காதோடு சேர்த்துப் பிடித்தார்.

"ஹலோ, நவநீதன் சார்?"

பாலத்தில் நின்றவன் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினான்.